டீலர்ஷிப் நிலத்தை எழுதிக்கொடுக்கும் முன்: அமெரிக்காவில் முதல்முறை கார் டீலர் ஆகிறவர்களுக்கு

அமெரிக்காவில் புதுக் கார் டீலர்ஷிப் ஒன்றை வாங்கும்போது உங்கள் முன்னால் வந்து சேரும் காகிதங்களில் பெரும்பாலானவை வியாபாரத்தைப் பற்றியவை. எத்தனை கார் விற்க வேண்டும், வாரண்டி வேலைக்கு எப்படிப் பணம் வரும், ஷோரூம் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பவை. அவற்றுக்கு நடுவே, பல நேரம் கடைசி வாரத்தில், இன்னோர் ஒப்பந்தமும் வரும். அது ஷோரூம் நிற்கும் நிலத்தைப் பற்றியது. இந்த இடத்தில் இந்தக் கார் தயாரிப்புக் கம்பெனியின் கார்களைத் தவிர வேறெதையும் விற்க மாட்டேன், டீலர்ஷிப் முடிந்துபோனால் இடத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கம்பெனிக்கு உரிமை உண்டு என்று நீங்கள் எழுதிக்கொடுக்கிறீர்கள். இதைப் பொதுவாகச் சொத்துப் பயன்பாட்டு ஒப்பந்தம் என்பார்கள். சைட் கன்ட்ரோல், எக்ஸ்க்ளூசிவ் யூஸ் என்ற தலைப்புகளிலும் வரும். தலைப்பு எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே விஷயம்தான்: உங்கள் நிலத்தின் மேல் கம்பெனிக்கு ஒரு பிடி.

முதல்முறை வாங்குகிறவர்கள் இதை ஒரு சடங்காக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். டீலர்ஷிப் கைக்கு வரப்போகிற மகிழ்ச்சியில் அது இயல்புதான். ஆனால் வியாபாரத்தில் உள்ள மற்ற எல்லாமே ஏறும், இறங்கும். கடைசியில் குடும்பத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நிலம்தான். அதனால் இந்தக் காகிதத்தை மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாகப் படிக்க வேண்டும், அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து. இது எப்போது, எப்படி முடிகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்றப் பக்கங்களுக்குப் போக வேண்டும்.

முதலில், கம்பெனி ஏன் கேட்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கம்பெனியின் கவலையில் நியாயம் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில், கார் விற்பனைக்கு ஜோனிங் (நிலப் பயன்பாட்டு) அனுமதி உள்ள, நாலைந்து ஏக்கர் இடம் எளிதில் கிடைக்காது. பத்து வருடம் ஒரு பிராண்டின் பெயரில் வளர்ந்த இடம் திடீரென்று போட்டிக் கம்பெனியின் ஷோரூமாக மாறினால், சர்வீஸுக்கு வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். புது இடம் தேடிக் கட்டி முடிக்க ஓரிரு வருடம் ஆகும். கட்டடத்தைப் புதுப்பிக்கக் கம்பெனி பணமும் கொடுத்திருக்கலாம். அந்தப் பணத்துக்குப் பதிலாக ஒரு பிடிமானம் கேட்பது தப்பில்லை.

எவ்வளவு பணத்துக்கு எவ்வளவு பிடி, எத்தனை வருடத்துக்கு என்பதில்தான் பேச்சுவார்த்தை இருக்கிறது. அதைப் பேசலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அச்சடித்து வரும் ஒப்பந்தம் என்பதால் மாற்றவே முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். டீலர் ஒப்பந்தம் நாடு முழுக்க ஒரே மாதிரி இருப்பதால் அதில் ஒரு வரியை மாற்றுவதும் கடினம். நிலத்தைப் பற்றிய ஒப்பந்தமோ ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக எழுதப்படுவது. இங்கே இடம் கொடுக்கிறவர் நீங்கள்.

உள்ளே என்னென்ன உரிமைகள் இருக்கின்றன என்று பிரித்து எழுதுங்கள்

ஒரே ஒப்பந்தத்துக்குள் நாலைந்து வெவ்வேறு உரிமைகள் கலந்திருக்கும். ஒரு தாளில் அவற்றைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எடை உண்டு.

பிரத்தியேகப் பயன்பாடு என்பது குறிப்பிட்ட காலம் வரை அந்த இடத்தில் வேறு பிராண்ட் கூடாது என்பது. வாங்கும் ஆப்ஷன் என்றால், குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால் கம்பெனி நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் விற்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். குத்தகை ஆப்ஷனும் அப்படித்தான், வாங்குவதற்குப் பதில் வாடகை. முதலில் வாங்கும் உரிமை இவற்றிலிருந்து வேறுபட்டது: நீங்களாக வேறொருவருக்கு விற்க ஒப்புக்கொண்ட பிறகுதான் அது உயிர்பெறும். அதே விலைக்குக் கம்பெனி குறுக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் வாடகை இடத்தில் இருந்தால், உங்கள் குத்தகையைக் கம்பெனி தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை ஒன்றும் இருக்கும். இவற்றோடு, கம்பெனியின் சம்மதம் இல்லாமல் நிலத்தை அடமானம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

என் பார்வையில் இவற்றில் மிகக் கனமானது வாங்கும் ஆப்ஷன். பிரத்தியேகப் பயன்பாடு மட்டும் என்றால் நிலம் உங்களுடையதாகவே இருக்கிறது, காலம் முடிந்ததும் கட்டு அவிழ்ந்துவிடும். ஆப்ஷன் இருந்தால் நிலமே கைமாறலாம். பேச்சுவார்த்தையில் ஒன்றை மட்டும் நீக்க முடியும் என்றால், அதை நீக்கப் பாருங்கள். முடியாவிட்டால் ‘டீலராகிய நானாகவே டீலர்ஷிப்பைவிட்டு விலகினால் மட்டுமே’ என்று சுருக்குங்கள்.

உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள்

இந்தத் துறையில் டீலரைக் காப்பது பெரும்பாலும் மாநிலச் சட்டம். ஒன்றிய அரசின் சட்டமும் ஒன்று உண்டு, 1956-இல் வந்தது, டீலர்ஸ் டே இன் கோர்ட் ஆக்ட் என்று பெயர். கம்பெனி நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளாவிட்டால் டீலர் வழக்குப் போடலாம் என்கிறது அது. ஆனால் நல்லெண்ணம் இல்லை என்பதை வற்புறுத்தல், மிரட்டல் என்ற குறுகிய அளவிலேயே அது பார்க்கிறது. வழக்கையும் 3 வருடத்துக்குள் போட வேண்டும். 2002-இல் வந்த இன்னொரு சட்டம், டீலருக்கும் கம்பெனிக்கும் இடையிலான தகராறை, நீதிமன்றத்துக்குப் பதிலாக மத்தியஸ்தத்துக்குத்தான் (ஆர்பிட்ரேஷன்) கொண்டுபோக வேண்டும் என்று முன்கூட்டியே கட்டிப்போட முடியாதபடி செய்தது. தகராறு வந்த பிறகு இரு பக்கமும் எழுத்தில் சம்மதித்தால்தான் மத்தியஸ்தம். இந்தப் பாதுகாப்பு டீலர் உரிம ஒப்பந்தத்துக்கு உரியது. உங்கள் நில ஒப்பந்தம் தனிக் கம்பெனியின் பெயரில் தனியாக எழுதப்பட்டால் இது பொருந்துமா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மாநிலங்களுக்கு வந்தால், டெக்சஸில் தொழில்கள் சட்டத்தின் 2301-ஆம் அத்தியாயம், ஃப்ளோரிடாவில் 320-ஆம் அத்தியாயம், நியூயார்க்கில் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் 17-ஏ பகுதி, இல்லினாயில் மோட்டார் வெஹிக்கிள் ஃப்ரான்சைஸ் ஆக்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு. கலிஃபோர்னியாவில் டீலருக்கும் கம்பெனிக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்க நியூ மோட்டார் வெஹிக்கிள் போர்டு என்று தனி அமைப்பே இருக்கிறது. அந்த மாநிலத்தின் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்புச் சொன்னது. இன்று டீலர்களுக்குச் சாதகமான மாநிலச் சட்டங்கள் நிலைத்து நிற்பதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். டீலர்ஷிப் கொடுப்பதற்கோ புதுப்பிப்பதற்கோ நிபந்தனையாக இப்படி ஓர் ஒப்பந்தத்தைக் கேட்கக் கூடாது என்று உங்கள் மாநிலம் சொல்கிறதா? டீலர் தன் விருப்பத்தோடு, தனியாக ஒரு தொகை பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்தால் செல்லும் என்கிறதா? டீலர்ஷிப் முடிந்தால் இந்த ஒப்பந்தமும் சேர்ந்து முடியும் என்கிறதா? பல மாநிலங்கள் இவற்றில் ஏதாவது ஒன்றையாவது சொல்கின்றன. மூன்றும் எல்லா இடத்திலும் இல்லை. பக்கத்து மாநிலத்து நண்பர் ‘அதெல்லாம் செல்லாது’ என்று சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சொன்னது அவருடைய மாநிலத்துக்குச் சரியாக இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கம்பெனியின் தலைமையகம் இருக்கும் மாநிலத்தின் பெயர் அங்கே இருந்தால், நிலம் இருக்கும் மாநிலத்தின் பெயராக மாற்றச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும் ஊரும் நிலம் இருக்கும் கவுன்ட்டியாகவே (மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கட்டும்.

பணம் எவ்வளவு, எதற்காக என்று எழுத்தில் வாங்குங்கள்

‘இதன் மூலம் பெறப்படும் நன்மைகளைக் கருத்தில் கொண்டு’ என்ற பொதுவான வரியோடு ஒப்பந்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் நிலத்தைக் கட்டிப்போடுவதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது தொகையாக இருக்க வேண்டும். கட்டட உதவியா, காலாண்டுக்கு ஒருமுறை வரும் ஊக்கத்தொகையா, ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு என்பதா? கார் விற்றால்தான் வரும் ஊக்கத்தொகையை நிலத்துக்கான பணமாகக் காட்டுவதை ஏற்காதீர்கள். அது எல்லா டீலருக்கும் கிடைக்கிற தொகையாக இருந்தால், உங்கள் நிலத்துக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, பணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி. நடுவில் விலகினால் வாங்கிய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள், சில நேரம் வட்டியோடு. இதை வருடத்துக்கு வருடம் குறையும்படி மாற்றுங்கள். 10 வருட ஒப்பந்தத்தில் 5,00,000 டாலர் வாங்கி, 7 வருடம் முடிந்து விலகினால், மீதி 3 வருடத்துக்கான 1,50,000 டாலர்தான் திருப்பித் தர வேண்டும். அதைக் கட்டிவிட்டால் நிலம் முழுவதும் விடுபடும் என்ற வரியும் அதே பத்தியில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இருந்தால் உங்கள் கட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, கொடுத்து வெளியே வரலாம்.

கட்டடத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கலிஃபோர்னியாவில், கம்பெனி சொன்னபடி கட்டிய அல்லது புதுப்பித்த கட்டடத்தைக் குறிப்பிட்ட வருடங்களுக்குள் மறுபடியும் பெரிதாக மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற விதி உண்டு, வருடக் கணக்கு மாறும். நில ஒப்பந்தத்துக்குள் ‘கம்பெனி அவ்வப்போது வெளியிடும் கட்டடத் தரங்களை ஏற்கிறேன்’ என்ற வரி இருந்தால், அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த நிலம் என்பதை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ‘டீலர்ஷிப் வளாகம்’ என்று மட்டும் இருக்கும். உங்களிடம் 6 ஏக்கர் இருக்கலாம். முன்னால் ஷோரூம், பக்கத்தில் பழைய கார் விற்பனை, பின்னால் பாடி ஷாப், அதற்கும் பின்னால் இன்னும் பயன்படுத்தாத ஒன்றரை ஏக்கர். கம்பெனிக்குத் தேவைப்படுவது ஷோரூமும் சர்வீஸ் செய்யும் இடங்களும் அவற்றுக்கான நிறுத்துமிடமும்தான். ஆனால் பொதுவான சொல்லால் ஆறு ஏக்கரும் கட்டுக்குள் போய்விடுகிறது. பிற்காலத்தில் அந்த ஒன்றரை ஏக்கரில் இன்னொரு பிராண்ட் வைக்கவோ, அதை விற்றுக் கடனை அடைக்கவோ நினைத்தால் கம்பெனியின் சம்மதம் தேவைப்படும்.

சர்வேயரை வைத்து அளந்து, கட்டுக்குள் வரும் பகுதியை மட்டும் சட்ட விவரணையோடும் வரைபடத்தோடும் இணைப்பாகச் சேருங்கள். அந்தப் பகுதிக்குள்ளேயும் எதெல்லாம் செய்யலாம் என்று எழுதுங்கள்: எல்லாப் பிராண்டின் பழைய கார்களும் விற்கலாம், எந்தப் பிராண்டின் காரையும் பழுதுபார்க்கலாம், வாடகைக் கார் மேஜை வைக்கலாம், சார்ஜிங் கம்பங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். தடை என்பது வேறு பிராண்டின் புதுக் கார் விற்பனைக்கு மட்டும் என்று சுருங்க வேண்டும்.

சாலை விரிவாக்கத்துக்கு அரசு நிலம் எடுத்தால் இழப்பீடு யாருக்கு, தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் பணத்தை வைத்து மறுபடி கட்ட வேண்டுமா என்பதையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். இழப்பீடு நிலத்தின் சொந்தக்காரராகிய உங்களுக்கு, மறுபடி கட்டுவதா என்று முடிவு செய்வதும் நீங்கள் என்பதே சரியான பதில்.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள், வங்கியும் வாடகை இடத்தின் சொந்தக்காரரும் என்ன சொல்கிறார்கள்

பெரும்பாலான டீலர்கள் நிலத்தை ஓர் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) பெயரிலும் வியாபாரத்தை வேறொரு கம்பெனி பெயரிலும் வைத்து, முதலாவது இரண்டாவதுக்கு வாடகைக்கு விடுவதாக எழுதிக்கொள்கிறார்கள். வியாபாரம் சரிந்தாலும் நிலம் தனியாக நிற்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சொத்துப் பயன்பாட்டு ஒப்பந்தத்தில் இரண்டு கம்பெனிகளும் நீங்களும் உங்கள் மனைவியோ கணவரோ தனிப்பட்ட முறையிலும் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்த ஏற்பாடே உடைந்துபோகிறது. நில எல்.எல்.சி. மட்டும், அந்த நிலத்தின் அளவுக்கு மட்டும் கட்டுப்படட்டும். தனிநபர் உத்தரவாதம் வேண்டாம். டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற கணவன் மனைவி கூட்டுச் சொத்து மாநிலங்களில் துணைவரின் கையெழுத்து ஏன் தேவை என்று வழக்கறிஞர் விளக்கினால், அதை நிலத்துக்கான சம்மதமாக மட்டும் வையுங்கள்.

வங்கியை இதில் முன்னாலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி, தன் அடமானத்துக்கு முன்னால் வேறெந்த உரிமையும் பதிவாகியிருப்பதை விரும்பாது. கம்பெனியின் ஆப்ஷன் முதலில் பதிவாகி, அடமானம் பின்னால் வந்தால், ஆப்ஷன் விலை கடனைவிடக் குறைவாக இருக்கும்போது வங்கி மாட்டிக்கொள்ளும். அதனால் கம்பெனியின் உரிமை, இன்றைய அடமானத்துக்கும் நாளை நீங்கள் மாற்றியெடுக்கும் அடமானத்துக்கும் கீழே நிற்கும் என்று எழுதி வாங்குங்கள். ‘நாளை’ என்பது முக்கியம். அது இல்லாவிட்டால், வட்டி குறையும்போது வேறு வங்கிக்கு மாற ஒவ்வொரு தடவையும் கம்பெனியிடம் காத்து நிற்க வேண்டியிருக்கும்.

வாடகை இடம் என்றால் கதை வேறு. நிலத்தின் சொந்தக்காரர் சம்மதிக்காமல் நீங்கள் எதையும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதிக்கொடுத்தால் குத்தகையையே மீறியதாகலாம். கம்பெனி உங்கள் குத்தகையைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை கேட்டால், எடுத்துக்கொள்ளும் நாளிலிருந்து வாடகைப் பொறுப்பும் உத்தரவாதமும் உங்களைவிட்டு முழுவதும் நீங்க வேண்டும். இதைச் சொந்தக்காரரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இடம் கம்பெனி நியமித்த புது டீலரிடம் இருக்கும், அவர் வாடகை தராதபோது நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

விலை எப்படிக் கணக்கிடப்படும் என்பதில் ஒரு சொல்கூட மங்கலாக இருக்கக் கூடாது

ஆப்ஷனை நீக்க முடியவில்லை என்றால், அதன் விலைப் பத்தியில் நிறைய நேரம் செலவிடுங்கள். ‘நியாயமான சந்தை விலை’ என்று எழுதியிருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. மதிப்பீட்டாளர் எந்த நிலத்தை மதிப்பிடுகிறார்? கட்டு இல்லாத நிலத்தையா, பிரத்தியேகக் கட்டோடு இருக்கும் நிலத்தையா? ஒரு கணக்குக்கு, திறந்த சந்தையில் 60 லட்சம் டாலர் போகும் நிலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிராண்டின் கார் விற்பனைக்கு மட்டும் என்ற கட்டோடு மதிப்பிட்டால், வாங்க வருபவர்கள் மிகச் சிலர் என்பதால் அது 40 லட்சத்துக்கு இறங்கலாம். கம்பெனி போட்ட கட்டே விலையைக் குறைக்க, குறைந்த விலைக்குக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும். ‘இந்த ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை என்று கொண்டு, அதன் மிகச் சிறந்த பயன்பாட்டுக்கு’ என்ற சொற்கள் மதிப்பீட்டுப் பத்தியில் இருக்க வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக உள்ள விலை என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். 15 வருடத்துக்கு முன் வாங்கிய நிலத்துக்கு அது அநியாயமான விலை. உங்கள் தரப்பில் ஒரு மதிப்பீட்டாளர், அவர்கள் தரப்பில் ஒருவர், இருவருக்கும் ஒத்துவராவிட்டால் அவர்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாமவர் என்பது வழக்கமான முறை. எப்படி வந்தாலும் விலை, நிலத்தின் மேல் பாக்கியுள்ள கடனுக்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் அடித்தளமும் போடுங்கள்.

நிலத்தடித் தொட்டி, பழைய ஹைட்ராலிக் லிஃப்ட், எண்ணெய்க் கசிவு என்று டீலர்ஷிப் நிலங்களுக்கே உரிய பிரச்சினைகள் உண்டு. நிலத்தை நீங்கள் வாங்கும் முன்பே முதல்நிலைச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான 1980-ஆம் வருட சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, மாசை உண்டாக்கியவர் வேறொருவர் என்றாலும் சுத்தம் செய்யும் செலவு இன்றைய சொந்தக்காரர் மேல் விழக்கூடும். வாங்கும் முன் முறைப்படி ஆராய்ந்திருந்தால்தான் தற்காத்துக்கொள்ள வழி இருக்கும். பின்னாளில் கம்பெனி ஆப்ஷனைப் பயன்படுத்தும்போது, மாசைக் காரணம் காட்டி விலையைக் குறைக்க முயன்றாலும் அந்த அறிக்கை கைகொடுக்கும்.

முதலில் வாங்கும் உரிமை

இது மென்மையாகத் தெரியும். அதே விலைதானே, யார் கொடுத்தால் என்ன என்று தோன்றும். சிக்கல், வாங்க வருகிறவரின் பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் கணக்குகளைப் பார்த்து, வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து, விலையை முடிவு செய்த பிறகு கம்பெனி எடுத்துக்கொண்டுவிடும் என்றால், நல்ல விலை கொடுக்கக்கூடியவர்கள் வரவே தயங்குவார்கள். அதனால்தான் பல மாநிலச் சட்டங்கள், கம்பெனி இந்த உரிமையைப் பயன்படுத்தினால் வாங்க வந்தவரின் நியாயமான செலவுகளைக் கொடுக்க வேண்டும் என்கின்றன. மகன், மகள், மனைவி, கணவர், ஏற்கெனவே பங்குள்ள கூட்டாளி ஆகியோருக்கு மாற்றும்போது இந்த உரிமை பொருந்தாது என்றும் பல இடங்களில் உண்டு. உங்கள் மாநிலத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

நிலத்தையும் வியாபாரத்தையும் சேர்த்து ஒருவருக்கு விற்கும்போது கம்பெனி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்ற வரி தேவை. பதில் சொல்ல 30 நாள் போதும். அதற்குள் பதில் வராவிட்டால் உரிமை அந்த விற்பனைக்கு முடிந்துபோனதாகக் கொள்ளப்பட வேண்டும்.

வெளியேறும் பத்தி

எல்லாவற்றிலும் இதில்தான் அதிகம் போராட வேண்டும். டீலர் ஒப்பந்தம் பல கம்பெனிகளில் 5 வருடம் போன்ற குறுகிய காலத்துக்கு எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படுவது. நில ஒப்பந்தமோ 10, 15, 20 வருடம் ஓடலாம். பிராண்டே இல்லாமல் போனால் என்ன ஆகும்?

கற்பனையான கேள்வி இல்லை இது. ஓல்ட்ஸ்மொபைல் பிராண்டை நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் 2000 டிசம்பரில் சொன்னது, 2004-இல் கடைசிக் கார் வந்தது. 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லர் திவால் பாதுகாப்புக் கேட்டது, சில வாரங்களில் 789 டீலர்களின் ஒப்பந்தங்களைக் கைவிட்டது. ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் நீதிமன்றம் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் சாட்டர்னை வேறொருவருக்கு விற்கும் முயற்சி முறிந்தது, அந்த பிராண்ட் மூடப்பட்டது. மெர்க்குரியை நிறுத்துவதாக ஃபோர்டு 2010-இல் அறிவித்தது. 2012 நவம்பரில் சுசுகி அமெரிக்காவில் கார் விற்பனையைவிட்டு விலகுவதாகச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிராண்டுக்கென்றே கட்டிய ஷோரூம்களும், அவற்றின் கடன் தவணைகளும் டீலர்களின் கையில் இருந்தன. திவால் நீதிமன்றத்தில் மாநிலப் பாதுகாப்புச் சட்டங்கள் டீலர்களைக் காப்பாற்றவில்லை என்பதையும் கிரைஸ்லர் வழக்கில் எல்லோரும் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நாளில் உங்கள் நிலம் உடனே வேறு வேலைக்குத் திரும்ப முடிய வேண்டும். ஊழியர்களின் சம்பளமும் குடும்பத்தின் சேமிப்பும் அதில்தான் நிற்கின்றன.

ஆகவே ஒப்பந்தம் தானாக முடிந்துபோகும் நிகழ்வுகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். குறிப்பிட்ட தேதி வந்தால் முடியும். டீலர் ஒப்பந்தத்தைக் கம்பெனி எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும், புதுப்பிக்க மறுத்தாலும், திவால் நீதிமன்றத்தில் கைவிட்டாலும் முடியும். பிராண்டை நிறுத்தினாலோ, நாட்டைவிட்டு விலகினாலோ முடியும். கம்பெனி ஒப்புக்கொண்ட வேறு இடத்துக்கு டீலர்ஷிப் மாறினால் பழைய இடம் விடுபடும். கம்பெனி ஏற்ற புது டீலருக்கு வியாபாரத்தை விற்று, நிலத்தை நீங்களே வைத்திருந்தால், உங்கள் ஒப்பந்தம் முடிந்து அவர் வேண்டுமானால் தனியாக எழுதிக்கொள்வார். நீங்களாகவே டீலர்ஷிப்பைவிட்டு விலகும்போதுதான் கம்பெனிக்கு ஆப்ஷன். அதையும் 60 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், அந்த நாள்களுக்குச் சந்தை வாடகை தர வேண்டும். வாடகை இல்லாமல் ஆறு மாதம் யோசிக்கும் உரிமையைக் கொடுத்தால், காலிக் கட்டடத்துக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டீலரின் மரணத்தை ஆப்ஷனைத் தூண்டும் நிகழ்வாக எழுதியிருந்தால் கட்டாயம் நீக்குங்கள். குடும்பத்தில் தகுதியுள்ள வாரிசு டீலர்ஷிப்பைத் தொடர்வதற்குப் பல மாநிலங்கள் வழி வைத்திருக்கின்றன. நில ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி அந்த வழியை அடைத்துவிடக் கூடாது.

பதிவும் விடுவிப்பும்

இந்த ஒப்பந்தமோ அதன் சுருக்கமோ கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவாகும். அதற்குப் பிறகு அது நிலத்தின் மேல் ஒரு வில்லங்கம். யார் வாங்கினாலும், நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தேடும்போது விதிவிலக்குப் பட்டியலில் வந்து நிற்கும். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று உங்களுக்கும் கம்பெனிக்கும் தெரிந்தால் மட்டும் போதாது, பதிவேட்டிலும் முடிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நல்ல ஒப்பந்தங்களும் சறுக்குகின்றன. பத்து வருடம் கழித்து, கையெழுத்திட்ட அதிகாரி வேலையில் இருக்க மாட்டார், கம்பெனியின் நிலப் பிரிவே பெயர் மாறியிருக்கும். விடுவிப்புப் பத்திரத்துக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுத, கையில் வந்த விற்பனை நழுவிப்போகும்.

ஆகவே, முடிவு நிகழ்வு நடந்த 30 நாளுக்குள் கம்பெனி விடுவிப்புப் பத்திரத்தைக் கையெழுத்திட்டுப் பதிய வேண்டும், தவறினால் நீங்களே உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைப் பதிந்து விடுவித்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்குங்கள். இன்னும் நல்லது, கையெழுத்திட்ட விடுவிப்புப் பத்திரத்தை முதல் நாளே எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவரிடம், வைப்பது. சுருக்கத்தைப் பதியும்போது முடியும் தேதி அதிலேயே தெரியும்படி இருக்கட்டும்.

நீங்கள் ஏற்கெனவே நடக்கும் டீலர்ஷிப்பை வாங்குகிறீர்கள் என்றால், இந்தத் தேடலை விலை பேசும் முன்பே செய்யுங்கள். பழைய டீலர் எழுதிக்கொடுத்தது இன்னும் நிலத்தின் மேல் இருக்கலாம், விற்பவருக்கே அது மறந்துபோயிருக்கலாம். இருந்தால், அது என்ன நிலையில் இருக்கிறது, பாக்கி ஏதும் உண்டா, மீறல் ஏதும் உண்டா என்று கம்பெனியிடமிருந்து கையெழுத்தோடு ஓர் எஸ்டாப்பல் சான்று வாங்குங்கள்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் மாநிலத்தில் டீலர்கள் தரப்பில் வழக்காடுகிறவராகப் பாருங்கள். மாநில டீலர்கள் சங்கத்தில் கேட்டால் பெயர்கள் கிடைக்கும். அவரோடு சேர்ந்து ஒரு ரியல் எஸ்டேட் வழக்கறிஞரும் இந்த ஒரு ஒப்பந்தத்தை மட்டும் படிக்கட்டும். ஃப்ரான்சைஸ் (டீலர் உரிம) சட்டம் தெரிந்தவருக்குப் பதிவேடு தெரியாமல் இருக்கலாம், பதிவேடு தெரிந்தவருக்கு ஃப்ரான்சைஸ் சட்டம் தெரியாமல் இருக்கலாம்.

கையெழுத்து முடிந்ததும் பதிவான நகலைப் பதிவு எண்ணோடு வாங்கி, நிலப் பத்திரத்தோடு வையுங்கள். முடியும் தேதி, அறிவிப்பு அனுப்ப வேண்டிய முகவரி, பணத்தைத் திருப்பித் தரும் அட்டவணை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, உங்கள் கணக்காளரிடம் ஒன்றும் உங்களுக்குப் பின் வியாபாரத்தைப் பார்க்கப்போகிறவரிடம் ஒன்றும் கொடுங்கள். கம்பெனிக்கு அனுப்பும் எந்த அறிவிப்பையும் அந்த முகவரிக்கே, ஒப்புதல் சீட்டோடு அனுப்புங்கள். ஏரியா மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியது கணக்கில் வராது.